மேளம் நின்ற மண்டபம்

“இதுதானே அந்த மேளம் நின்னுபோன மண்டபம்?”

நீங்க மெதுவாத்தான் கேட்டீங்கம்மா. சார் காதுக்கு மட்டும் கேக்கற மாதிரிதான் கேட்டீங்க. நான் படிக்கட்டுக்குப் பக்கத்துல சாவியைத் தேடிட்டு நின்னேன், காதுல விழுந்துடுச்சு. அதுக்காக நான் ஒண்ணும் வருத்தப்படலை. போன வாரம் ஒரு பார்ட்டி வந்தாங்க, இதே கேள்வி. அதுக்கு முன்னாடி ஒருத்தர் போன்லயே கேட்டாரு. திண்டுக்கல்லுல எங்கே போனாலும் இதே பேச்சுதான். தாலி கட்டற நேரத்துல மேளம் நின்ன மண்டபம், தாலி கட்டற நேரத்துல மேளம் நின்ன மண்டபம். தீப்பிடிச்ச மண்டபம்னு ஒருத்தராவது சொல்றாங்களா? சொல்லமாட்டாங்க. தீ எங்கே வேணாலும் பிடிக்கும். மேளம் நிக்கலாமா?

உட்காருங்க சார். அம்மா, நீங்க ஃபேனுக்குக் கீழே உட்காருங்க. ஏ செல்வி, ரெண்டு காபி கொண்டா, ஒண்ணுல சர்க்கரை கம்மியா. எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்கறீங்களா? இத்தனை வருஷமா சம்பந்தி வீட்டுக்காரங்களுக்குக் காபி கொடுத்துக் கொடுத்து, ஆளைப் பாத்ததும் சர்க்கரை தெரியும்.

என் பேர் சிதம்பரநாதன். மண்டபம் திறந்த நாள்லேருந்து நான்தான் மேனேஜர். முதலாளி கோயம்புத்தூர்ல இருக்காரு. நல்லது நடந்தா அவர் மண்டபம், கெட்டது நடந்தா என் மண்டபம். அன்னிக்கு நடந்ததை நேர்ல பாத்தவன் நான். ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கீங்க, மனசுல ஒரு உறுத்தலோட போகக்கூடாது. நடந்ததை நடந்தபடி சொல்லிடறேன். அப்புறம் உங்க இஷ்டம்.

முதல்ல ஒண்ணு. மேளத்தை நிறுத்தினது நான் இல்லை. மேளக்காரங்களும் இல்லை. கல்யாணப் பொண்ணு.

ஆமாம்மா. கல்யாணப் பொண்ணேதான்.

சிந்துஜான்னு பேரு. எம்.எஸ்ஸி. படிச்ச பொண்ணு. ஆனா வாயில முத்து இருக்கற மாதிரி, திறக்கவே திறக்காது. முதல் நாள் ரிசப்ஷன்ல வீடியோக்காரர் கெஞ்சறாரு, ‘மேடம், கேமராவைப் பாருங்க. மேடம், ஒரே ஒரு தடவை மேடம்.’ அது தரையைப் பாக்குது, தோரணத்தைப் பாக்குது, சுத்தற ஃபேனைப் பாக்குது. கேமராவை மட்டும் பாக்கமாட்டேங்குது. மத்த எல்லாத்தையும் நல்லாப் பாக்கும், அதுவும் சொல்லணும். அந்தப் பொண்ணு பாக்கற பார்வையில நமக்கே சட்டைப் பொத்தான் சரியாப் போட்டிருக்கோமான்னு சந்தேகம் வந்துடும்.

அதுக்கு ஒரு அக்கா. ஷர்மிளா. அவளுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாசம்கூட ஆகலை. தீட்டு இருக்கு. வேற யாராவதா இருந்தா வீட்டுலயே இருந்திருப்பாங்க. இவங்க ரெண்டு பேரும் அப்படி ஒட்டிப் பிறந்த மாதிரி. தங்கச்சி கல்யாணம், நான் ஒரு மூலையிலயாவது இருப்பேன்னு அக்கா அழுதுட்டா. மாப்பிள்ளையோட அம்மா ரேணுகாதேவி, அவங்க கொஞ்சம் கண்டிப்பு. ‘வரட்டும். வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா மேடைப் பக்கம் வரக்கூடாது, யார் மேலயும் படக்கூடாது. மேலே ஒரு ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு இருக்கட்டும்’னு சொல்லிட்டாங்க. அதுல நாம தப்பு சொல்ல முடியாதும்மா. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை இருக்கு. அவங்களே அன்னிக்கு இருட்டோட எழுந்து தலைக்கு ஊத்திட்டு, பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம இருந்தாங்க. மாடிப் படியில காலே வைக்கலை.

எந்த ரூம் கொடுக்கறதுன்னு பொண்ணோட அப்பா என்னைக் கேட்டாரு. நான் யோசிக்கவே இல்லை. கடைசி ரூம். இப்ப மேலே கூட்டிட்டுப் போய்க் காட்டறேன், நீங்களே பாருங்க. எங்க மண்டபத்துலயே ராஜா ரூம் அதுதான். சமையல்கட்டுக்கு இறங்கற பின்படி பக்கத்துலயே. ரெட்டைக் கதவு, ஏசி, ஜன்னலுக்கு உள்பக்கம் ஒரு கண்ணாடி, வெளிப்பக்கம் ஒரு கண்ணாடி. கீழே எத்தனை மேளம் அடிச்சாலும் உள்ளே ஒரு சத்தம் வராது. பச்சைக் குழந்தை நிம்மதியாத் தூங்கும்.

கல்யாணத்தைப் பாக்கணுமேன்னு ஷர்மிளாவுக்கு ஒரு ஏற்பாடு. வீடியோக்காரர் யூட்யூப்ல லைவ் போட்டாரு. அவ கட்டில்ல உட்கார்ந்து போன்ல பாத்துக்கலாம். குழந்தை எழுந்துக்கக் கூடாதுன்னு காதுல இயர்போன். எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சோம். நாங்க யோசிக்காம எதையும் செய்யறதில்லை.

காபி வந்துடுச்சு. எடுத்துக்கோங்க. சர்க்கரை சரியா இருக்கா? சொன்னேன்ல.

இப்ப மணியைப் பத்திச் சொல்லணும். அந்தா, வாசலுக்கு மேலே சிவப்பா ஒரு டப்பா தெரியுதே, அதுதான். தீ மணி. புகை வந்தா கூரையில குண்டு பல்பு மாதிரி ஒட்டியிருக்கற கருவி கண்டுபிடிக்கும், உடனே அந்த டப்பா கத்தும், அதுக்குள்ள இருக்கற வெள்ளை லைட்டு விட்டுவிட்டு மின்னும். லைசென்ஸுக்காக முதலாளி வாங்கி மாட்டினாரு. மாட்ட வந்த ஆள் ஒரு மாதிரி. சாமானை விக்க வந்தவன் சாமானோட பெருமையைத்தானே சொல்லணும்? அவன் குறையைச் சொல்றான். ‘சார், இது சத்தம் போடும், வெளிச்சம் காட்டும், அவ்வளவுதான். சாத்தின கதவுக்குப் பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்காது. வேற பெரிய சத்தம் இருந்தா அதுல அமுங்கிடும். திரும்பி உட்கார்ந்திருக்கறவனுக்கு லைட்டு தெரியாது, தூங்கறவனுக்கும் தெரியாது. ஒவ்வொரு ரூமுக்குள்ளயும் தனியா ஒண்ணு வைக்கணும் சார்’னான். நான் சிரிச்சுட்டேன். ‘தம்பி, மாப்பிள்ளை தூங்கற ரூம்ல ஊளையிடற டப்பாவை வைக்கச் சொல்றியே, நீ கல்யாணம் ஆனவனா ஆகாதவனா?’ன்னு கேட்டேன். அவன் சாமானைப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டான். ஆகாதவனாத்தான் இருக்கணும்.

வச்ச மணியே என்ன பாடுபடுத்திச்சுன்னு கேளுங்க. மாட்டின பிறகு முதல் கல்யாணம். ஐயர் ஹோமத்துல நெய்யை ஊத்தறாரு, சமித்து நல்லாப் பிடிச்சு எரியுது, திடீர்னு தலைக்கு மேலே கியாங் கியாங்னு ஒரு கத்தல். ஐயர் கரண்டியோட எழுந்து நின்னுட்டாரு. மாப்பிள்ளையோட தாத்தா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாரு. அன்னிக்கு நான் வாங்கின திட்டு என் ஆயுசுக்கும் போதும். அடுத்த கல்யாணத்துக்குள்ள நானே ஸ்டூல் போட்டு ஏறி, ஹால்ல இருக்கற குண்டு ஒவ்வொண்ணுக்கும் பாலிதீன் கவர் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுட்டேன். சாம்பார் பார்சல் கட்டுவாங்களே, அந்தக் கவர். கச்சிதமாப் பொருந்திச்சு.

இப்பவா? இப்பவும் கவர் இருக்கு. ஆனா சாம்பார் கவர் இல்லைம்மா, அளவெடுத்துத் தைச்ச கவர். பாக்கறதுக்கு லட்சணமா இருக்கும்.

சமையல்கட்டுல இருக்கற மணி இன்னொரு கூத்து. கடுகு வெடிச்சாலே கத்தும். எங்க சமையல் மாஸ்டர் சொக்கர் சொல்வாரு, ‘மணி அடிச்சாத்தான் தாளிப்பு சரியா வந்திருக்குன்னு அர்த்தம்.’ கொஞ்ச நாள் பாத்தாரு, அப்புறம் அது வாய்க்குள்ள கரித்துணியை அடைச்சுட்டாரு. ஆக, மேலே மாடி வராண்டாவுல இருக்கற குண்டு ஒண்ணுக்குத்தான் எதுவும் மாட்டலை. அங்கே ஹோமமும் கிடையாது, தாளிப்பும் கிடையாது. அங்கே இருக்கறது ஒரு சாமான் அறை. மெத்தை, தலகாணி, தெர்மாகோல்ல செஞ்ச அன்னப்பறவை, சீரியல் லைட்டு ஒயர் சுருள், அவ்வளவுதான்.

வாசல்ல இருக்கற இந்த மணியை அன்னிக்கு அலங்காரக்காரங்க மல்லிகைச் சரத்தால மூடிட்டாங்க. நான்தான் மூடச் சொன்னேன். பூவுக்கு நடுவுல சிவப்பு டப்பா, போட்டோவுல அசிங்கமா விழும்ல?

ரிசப்ஷன் முடிஞ்சு சாப்பிடப் போகும்போது அந்தப் பொண்ணு, சிந்துஜா, என் பக்கத்துல வந்து நின்னுச்சு. நிக்குது, பேசமாட்டேங்குது. ‘என்னம்மா, தண்ணி வேணுமா?’ன்னேன். ரொம்ப நேரம் கழிச்சு, ‘அங்கிள், அக்கா ரூமுக்குள்ள அந்த மணி கேக்குமா?’ன்னுச்சு. ‘கேக்காதும்மா, அதுதானே அந்த ரூமோட விசேஷம்’னேன். அது மணியை மூடியிருந்த அந்தப் பூவைப் பாத்துச்சு, மாடியைப் பாத்துச்சு, போயிடுச்சு. கல்யாணப் பதட்டத்துல பொண்ணுங்க என்னென்னவோ கேப்பாங்க. ஒரு பொண்ணு என்கிட்ட மேடை எத்தனை பேரைத் தாங்கும்னு கேட்டுச்சு.

மறுநாள் காலையில முகூர்த்தம். ஹால் நிறைஞ்சிருச்சு. தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்கு வரிசை வரிசையாப் போயிட்டு வந்துச்சு. எல்லார் கையிலயும் அட்சதை. ரேணுகாதேவியம்மா மேடையில பட்டுப் புடவையோட கம்பீரமா நிக்கறாங்க. நான் மேளக்காரங்க பக்கத்துல நிக்கறேன், அது என் இடம். வீடியோ லைட்டு மேடையில பளிச்சுன்னு அடிக்குது. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை பிரசன்னா கையில கொடுத்து மந்திரம் சொல்ல ஆரம்பிச்சாரு.

அப்பத்தான் மணி அடிச்சுது.

அடிச்சுதுன்னா, எனக்கு உடனே கேக்கலை சார். நாதஸ்வரம் வாசிச்சிட்டு இருந்தாங்க. வாசல்ல ஸ்பீக்கர் வேற பாடிட்டு இருந்துச்சு. இதுக்கு நடுவுல ஏதோ கார் அலாரம் மாதிரி ஒண்ணு. பொண்ணோட தாய்மாமன் மைக்கை வச்சிருந்தாரு, அவர் ரொம்பப் பொறுப்பான மனுஷன், உடனே அறிவிச்சுட்டாரு. ‘வெளியே வெள்ளைக் கார் நிறுத்தியிருக்கறவங்க தயவுசெஞ்சு போய் அலாரத்தை நிறுத்துங்க.’ வெள்ளைக் கார் வச்சிருந்தவங்க எல்லாம் எழுந்து வெளியே போனாங்க. யோசிச்சுப் பாருங்க, இந்தக் காலத்துல யார்கிட்ட வெள்ளைக் கார் இல்லை? ரெண்டு வரிசை காலி.

போனவங்க திரும்பி வந்து, எங்க கார் இல்லை எங்க கார் இல்லைங்கறாங்க. சத்தம் நிக்கலை. லைட்டும் மல்லிகைச் சரத்துக்குள்ளேருந்து மின்னுது. வாசல் பக்கம் திரும்பின ஒரு அத்தை, ‘பூவுக்குள்ள லைட்டு வச்சிருக்காங்க பாருடி, எவ்வளவு அழகா இருக்கு’ன்னு பக்கத்துல காட்டினாங்க. மத்தவங்க யாரும் திரும்பவே இல்லை. எல்லார் கண்ணும் மேடையில. தாலி கட்டறப்ப முதுகுப்பக்கம் யார் பாப்பாங்க?

மணிக்காரன் மேல எனக்கு அதுதான் கோபம். மணின்னா அது என்னன்னு சொல்ல வேண்டாமா? தீன்னு சொல்லணும், எங்கேன்னு சொல்லணும். சும்மா கியாங் கியாங்னா என்ன அர்த்தம்?

அப்பத்தான் பொண்ணோட பெரியப்பா என்னைப் பாத்துக் கையை ஆட்டினாரு. ‘யாரோ ஒப்பாரி வைக்கற மாதிரி இருக்குய்யா! நல்ல காரியத்துல என்ன சத்தம் இது? மேளத்தை உயர்த்தச் சொல்லு!’

நியாயம்தானே? மேளம் எதுக்கும்மா இருக்கு? தாலி ஏறற நேரத்துல தும்மல், அழுகை, ஏதாவது கெட்ட சத்தம் காதுல விழக்கூடாதுன்னுதானே கெட்டி மேளம்? கெட்ட சத்தம் வருது, மேளம் பக்கத்துல இருக்கு, மேனேஜர் நான் நிக்கறேன். நான் விரலைத் தூக்கிட்டேன். ‘கெட்டி மேளம்! கெட்டி மேளம்!’ என் இடத்துல யார் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க.

எங்க தவில்காரங்க சாதாரண ஆளுங்க இல்லை. ரெண்டு தவில். ரெண்டு பேரும் பிடிச்சாங்க பாருங்க, கண்ணாடி டம்ளர் மேஜையில நடுங்குது. மணிச் சத்தம் போன இடம் தெரியலை. அப்படியே துடைச்சு எடுத்துட்டாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு.

ஒரே ஒரு தப்பு. கெட்டி மேளம் கேட்டதும் தாலி கட்டியாச்சுன்னு நினைச்சு ஹால் மொத்தமும் அட்சதையைப் போட்டுட்டாங்க. ஐயர் மேல மழை மாதிரி விழுது. அவர் கத்தறாரு, ‘இன்னும் இல்லை! இன்னும் இல்லை!’ யாருக்குக் கேக்குது? மாப்பிள்ளை தாலியைக் கையில வச்சிட்டு முழிக்கறாரு. மேளம் அடிக்குது, அரிசி விழுது, சரி கட்டிட வேண்டியதுதான்னு குனியறாரு.

பொண்ணு அவர் மணிக்கட்டைப் பிடிச்சுடுச்சு.

என் கண்ணால பாத்தேன். தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்த பொண்ணு, நிமிர்ந்து எதிர் வாசலைப் பாத்துச்சு. மேடையில இருக்கறவங்களுக்குத்தானே வாசல் எதிர்ல. அப்புறம் கொஞ்சம் மேலே, மாடி வராண்டாவைப் பாத்துச்சு. நானும் பாத்தேன். கைப்பிடிச் சுவருக்கு மேலே சாம்பல் கலர்ல ஏதோ நெளியுது. யாரோ சாம்பிராணி போட்டிருக்காங்கன்னு நினைச்சேன்.

பிடிச்ச கையை விட்டுட்டு எழுந்துச்சு. மாலையோட, ஜடை நாகத்தோட, மேடையை விட்டு இறங்கி நேரா எங்க பக்கம் வருது. ரேணுகாதேவியம்மா ‘சிந்துஜா!’ங்கறாங்க. திரும்பலை. வந்து, பெரிய தவில் மேல ரெண்டு உள்ளங்கையையும் வச்சு அழுத்திருச்சு.

மருதாணிக் கை. தவில்காரர் குச்சியை ஓங்கினபடியே நிறுத்திட்டாரு. கல்யாணப் பொண்ணு கைமேல அடிப்பாரா? அவர் நின்னதும் இன்னொரு தவிலும் நின்னுச்சு. நாதஸ்வரம் மட்டும் ஒரு வரி தனியாப் போய், வெக்கப்பட்டு நின்னுச்சு.

அதைத்தான் ஊர் பேசுது. அந்த நிமிஷத்தைத்தான்.

மேளம் நின்னதும் மணி கேட்டுச்சு. எல்லாருக்கும் கேட்டுச்சு. பெரியப்பா, ‘பாத்தியா, அபசகுனம்!’னு ஆரம்பிச்சாரு. அந்தப் பொண்ணு மாமா கையிலேருந்து மைக்கைப் பிடுங்கிருச்சு. நான் நினைச்சேன், எங்களைத் திட்டப்போகுதுன்னு. இல்லை. வீடியோக்காரர் பக்கம் திரும்பி, கேமராவுக்கு நேர் எதிர்ல போய் நின்னு, கேமராவையே பாத்துச்சு.

‘அக்கா, இயர்போனைக் கழட்டு. வராண்டாவுல தீ. முன்பக்கப் படிக்கு வராதே. குழந்தையைத் தூக்கிட்டு சமையல்கட்டுப் படி வழியா இறங்கு.’

அந்தப் பொண்ணோட குரலை அன்னிக்குத்தான் முழுசாக் கேட்டேன். நல்ல குரல்.

தீன்னு கேட்டதும் ஹால் எழுந்துருச்சு. இத்தனை நேரம் மணி கத்தினதுக்கு அசையாதவங்க, ஒரு பொண்ணு ஒரு வார்த்தை சொன்னதுக்கு நாற்காலியை உதைச்சுத் தள்ளிட்டு ஓடறாங்க. நான் வாசல்ல நின்னு, ‘தள்ளாதீங்க, பெரியவங்களை முதல்ல விடுங்க’ன்னு எல்லாரையும் வெளியே அனுப்பினேன். அதை ஊர்ல யாரும் சொல்லமாட்டாங்க.

ஷர்மிளாவோட அம்மா போன் போட்டுப் போட்டுப் பாக்கறாங்க. அவ குழந்தைக்காகக் கால் எதுவும் வராத மாதிரிப் போனை மாத்தி வச்சிருக்கா, ரிங்கே போகலை. பொண்ணு கேமரா முன்னாடியே நிக்குது. வீடியோக்காரர் பாவம், தயங்கித் தயங்கிச் சொல்றாரு, ‘மேடம், லைவ் கொஞ்சம் லேட்டாத்தான் போகும். இப்ப நீங்க பேசறது அவங்களுக்கு இன்னும் வந்திருக்காது.’ அது அவரைப் பாக்கவே இல்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுது. ‘அக்கா, இயர்போனைக் கழட்டு. அக்கா, சமையல்கட்டுப் படி.’ மேலே வராண்டா தெரியலை சார், வெறும் புகை. ‘வாம்மா வெளியே’ன்னு நான் கூப்பிட்டேன். நகரலை. கண்ணுலேருந்து தண்ணி வழியுது, குரல் மட்டும் ஆடலை.

மாப்பிள்ளை பிரசன்னா முன்பக்கப் படியில ஓடிட்டாரு. கையில தாலி. ஐயர் பின்னாடியே ஓடறாரு, ‘மாங்கல்யத்தைக் கொடுத்துட்டுப் போங்கோ! மாங்கல்யத்தைக் கொடுத்துட்டுப் போங்கோ!’ பாதிப் படியில புகை வந்து ஐயர் திரும்பிட்டாரு. மாப்பிள்ளை போயிட்டாரு. அப்ப ரேணுகாதேவியம்மா முகத்தைப் பாக்கணுமே. மகன் மேலே, மருமகளா வரவேண்டியவ கேமரா முன்னாடி. அந்த அம்மா மாடியையே பாத்துட்டு நின்னாங்க. முந்தானை நழுவினது அவங்களுக்கே தெரியலை.

சமையல்கட்டுக் கதவு திறந்துச்சு. முதல்ல சொக்கர் மாஸ்டர் வந்தாரு. அவருக்குப் பின்னாடி, தலையோட ஈரத் துண்டைப் போத்திக்கிட்டு, நெஞ்சோட ஒரு துணி மூட்டையை அணைச்சுக்கிட்டு, ஷர்மிளா.

மைக் கீழே விழுந்த சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

அப்புறம்தான் தெரிஞ்சுது. அவ போன்ல கல்யாணம் பாத்துட்டு இருந்திருக்கா. கதவுக்கு அடியில புகை வர ஆரம்பிச்சதைக்கூடக் கவனிக்கலை. தங்கச்சி தவிலைப் பிடிச்சு நிறுத்தினதும், ஐயோ இவளுக்கு என்ன ஆச்சுன்னு பதறியிருக்கா. அடுத்ததா தங்கச்சி முகம் ஸ்க்ரீன் முழுக்க வந்து இவளையே பாத்திருக்கு. குழந்தையைத் தூக்கிட்டாளாம். நம்ம ரூம்லேருந்து சமையல்கட்டுப் படி ரெண்டு எட்டுதான். எவ்வளவு வசதியான ரூம்னு பாத்துக்கோங்க.

மாப்பிள்ளை முன்பக்கமா இருமிட்டே இறங்கி வந்தாரு, பட்டுச் சட்டையெல்லாம் கரி. ‘ரூம்ல யாரும் இல்லை’ன்னு சொல்லிட்டு, எதிர்ல ஷர்மிளாவைப் பாத்ததும் அப்படியே படியில உட்கார்ந்துட்டாரு. தாலியை விடலை.

தீயணைப்பு வண்டி வந்துச்சு, தண்ணி அடிச்சாங்க, கொஞ்ச நேரத்துல முடிஞ்சுது. சாமான் அறை போச்சு, ஏதோ ஒயர்ல பிடிச்சதாம். மெத்தை எல்லாம் போச்சு. அன்னப்பறவை போச்சு. ஒருத்தருக்குக்கூட ஒரு கீறல் இல்லை. இப்ப எல்லாம் புதுசு சார், மெத்தை நல்ல கம்பெனி. மணியையும் சரிபார்த்தாச்சு. சத்தம் ரொம்ப ஜாஸ்தின்னு ரெண்டு பார்ட்டி குறைப்பட்டுக்கிட்டாங்க, அதனால ஒரு சுத்து ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கோம்.

ஆனா முகூர்த்தம் தப்பலை. அதை எல்லார்கிட்டயும் சொல்லுங்க. உள்ளே போகக்கூடாதுன்னு தீயணைப்புக்காரங்க சொல்லிட்டாங்க. நேரம் ஓடிட்டிருக்கு. எதிர்ல பெரிய இடமா இருக்கேன்னு ஐயர் ஹோம குண்டத்தை ஆள் வச்சுத் தூக்கிட்டு ரோட்டைத் தாண்டப் போயிட்டாரு. எதிர்ல பெட்ரோல் பங்க்! பங்க் மேனேஜர் ஓடிவந்து நடுரோட்டுல நின்னு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிடறாரு, ‘சாமி, வேண்டாம் சாமி!’ன்னு. சிரிக்காதீங்கம்மா, எங்களுக்கு அப்பத்தான் முதல்முதல்ல சிரிப்பு வந்துச்சு.

கடைசியில இந்த முன்வாசல்ல, கார் நிறுத்தற இடத்துலதான். ரெண்டு பெஞ்சை இழுத்துப் போட்டு, ஒரு ஜமக்காளம் விரிச்சு. அட்சதை கிடையாது, எல்லாம் உள்ளே தரையில. ஒருத்தர் தலையிலேருந்து ஒருத்தர் பொறுக்கிக்கிட்டாங்க. மேளக்காரங்க வந்து உட்கார்ந்தாங்க. தவில்காரர் பொண்ணையே பாக்கறாரு, அடிக்கலாமா வேண்டாமான்னு. பெரியப்பா மட்டும், ‘மேளம் நின்ன கல்யாணம், நேரத்தைத் தள்ளி வைக்கலாமா?’ன்னு மெதுவாக் கேட்டாரு.

‘பொண்ணு உட்காரட்டும்’னாரு ஐயர்.

பொண்ணு உட்காரலை. ஜமக்காளத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு எங்கேயோ பாக்குது. திரும்பிப் பாத்தேன். மதில் ஓரமா, கடைசிக் காருக்கும் அந்தப் பக்கம், ஷர்மிளா நிக்கறா. யார் மேலயும் படாம ஒதுங்கி நிக்கறா. ஈரத் துண்டு இன்னும் தோள்ல. குழந்தை சிணுங்குது.

‘நேரம் ஆறது’ன்னாரு ஐயர்.

பொண்ணு நிக்குது. மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தவர் அவரும் எழுந்துட்டாரு. பொண்ணோட அம்மா சம்பந்தியம்மாவைப் பாக்கறாங்க, தலையைக் குனிஞ்சுக்கறாங்க. அவங்களுக்குக் கேக்கத் தைரியம் இல்லை. முகூர்த்தம் முடியப் போகுது, என் மண்டபம்.

ரேணுகாதேவியம்மா முந்தானையை இடுப்புல செருகினாங்க. கூட்டத்தை விலக்கிட்டு, காருக்கு நடுவுல புகுந்து, மதில் ஓரம் போனாங்க. ஷர்மிளா, ‘வேண்டாங்க, நான் தீட்டு’ன்னு பின்னாடி நகர்ந்தா. அவங்க ரெண்டு கையையும் நீட்டிக் குழந்தையை வாங்கித் தன் தோள்ல போட்டுக்கிட்டாங்க. இன்னொரு கையால ஷர்மிளா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, பொண்ணுக்குப் பின்னாடி, தனக்குப் பக்கத்துல, நிக்க வச்சாங்க. அப்பத்தான் பொண்ணு உட்கார்ந்துச்சு, தவில்காரரைப் பாத்துத் தலையை ஆட்டுச்சு.